சிஸ்டம் டைம் ஏறினால் எங்கே பார்ப்பது

"பில் ஜாப் இப்பதான் முடிஞ்சுது அக்கா. எப்பவும் 5 நிமிஷம் ஆகும், இன்னிக்கு 12 நிமிஷம் ஓடியிருக்கு." இரவு ஷிப்டில் இருந்த தம்பி போனில் சொன்னது இவ்வளவுதான். முந்தைய நாள்தான் அந்த ஜாபைப் பழைய லினக்ஸ் சர்வரிலிருந்து எடுத்து, புது சர்வரில் ஒரு கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி மாதிரி) போட்டிருந்தோம். சிபியு அதே வேகம். 4 கோர் இருந்த இடத்தில் 16 கோர். வேலையும் அதேதான்: 4,000 வாடிக்கையாளர் பில்களை ஒவ்வொன்றாகப் பிடிஎஃப் ஆக்குவது.

எந்த ஜாபையும் டைம் கட்டளை வழியாக ஓட்டி, அது தரும் மூன்று வரியை லாகில் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். ரியல் என்பது கடிகாரத்தில் ஓடிய மொத்த நேரம், யூசர் என்பது நிரலே சிபியுவில் ஓடிய நேரம், சிஸ் என்பது நிரலுக்காகக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, சிபியுவில் ஓடிய நேரம். பழைய லாகையும் புதியதையும் திறந்து படிக்கச் சொன்னேன். பழையது: ரியல் 5 நிமிடம் 10 நொடி, யூசர் 4 நிமிடம் 2 நொடி, சிஸ் 21 நொடி. புதியது: ரியல் 11 நிமிடம் 58 நொடி, யூசர் 4 நிமிடம் 5 நொடி, சிஸ் 7 நிமிடம் 3 நொடி.

யூசர் அசையவில்லை. கூடிய நேரம் கிட்டத்தட்ட முழுவதும் சிஸ் கணக்கில் விழுந்திருக்கிறது. அதாவது நிரல் தானாகச் செய்யும் கணக்கு, லூப், பிடிஎஃப் வரைவது எல்லாம் பழையபடியே இருக்கின்றன. அதற்காக கெர்னல் செய்த வேலை மட்டும் 20 மடங்கு ஆகிவிட்டது. இது தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். அன்று அவனுக்குப் போனில் சொன்ன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் போனில் சொல்வது போலவே சொல்கிறேன்.

முதலில், சிஸ் என்றால் என்ன

ஃபைல் திறக்க, படிக்க, நெட்வொர்க்கில் அனுப்ப, நினைவகம் வாங்க, இன்னொரு பிராசஸைத் தொடங்க, இது எதையும் நம் நிரல் நேரடியாகச் செய்ய முடியாது. கெர்னலிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதுதான் சிஸ்டம் கால். கேட்ட நொடியிலிருந்து கெர்னல் சிபியுவில் ஓடும் நேரம் சிஸ் கணக்கில் ஏறும். டிஸ்க் பதில் சொல்லும்வரை பிராசஸ் தூங்கினால் அந்தத் தூக்கம் இதில் சேராது.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு, புளி, மிளகாய் என்று சீட்டு எழுதிக் கொடுத்து ஒரே நடையில் வாங்கி வரலாம். உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்றும் போகலாம். பொருளின் விலை இரண்டிலும் ஒன்றுதான், நடைதான் கூடுகிறது. நான் பார்த்த சிஸ் டைம் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த நடைச் செலவுதான். எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கெர்னலிடம் என்ன கேட்டது, எத்தனை தடவை கேட்டது?

இதை நீங்களே பார்க்கலாம். டிடி கட்டளையில் ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் ஜீரோவிலிருந்து ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் நல்லுக்கு, பிளாக் அளவு 1 பைட், எண்ணிக்கை 1 கோடி என்று கொடுத்து டைம் பாருங்கள். அப்புறம் பிளாக் அளவு 1 எம்பி, எண்ணிக்கை 10 என்று கொடுங்கள். நகரும் டேட்டா ஏறக்குறைய ஒன்றுதான். முதல் தடவை 1 கோடி ரீட், 1 கோடி ரைட். இரண்டாவதில் பத்துப் பத்து. முதலாவது நொடிக்கணக்கில் ஓடும். இரண்டாவது கண் இமைக்கும் முன் முடிந்துவிடும்.

உண்மையில் சிஸ்தானா என்று உறுதி செய்யுங்கள்

டாப் திறந்தால் மேலே சிபியு வரியில் பல எண்கள் இருக்கும். எஸ்ஒய் என்பதுதான் சிஸ்டம். டபிள்யூஏ என்பது டிஸ்க்குக்காகக் காத்திருக்கையில் சும்மா இருக்கும் சிபியு. அது வேறு நோய். எஸ்டி ஏறினால் மெய்நிகர் மெஷினில் பக்கத்து வீட்டுக்காரர் சிபியுவை எடுத்துக்கொள்கிறார். எஸ்ஐ ஏறினால் பெரும்பாலும் நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் கெர்னல் கையாளும் வேலை. அதற்கு நம் நிரலைத் தோண்டிப் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்த வரி எல்லாக் கோர்களுக்கும் சேர்த்துச் சராசரி. 16 கோர் மெஷினில் ஒரு திரெட் (பிராசஸுக்குள் ஓடும் ஒரு வேலை இழை) முழு நேரமும் கெர்னலுக்குள்ளேயே கிடந்தாலும் எஸ்ஒய் 6% என்றுதான் காட்டும். "6% தானே அக்கா" என்று அவனும் சொன்னான். டாப்பில் 1 என்ற எண்ணைத் தட்டினால் கோர் வாரியாகப் பிரித்துக் காட்டும். அப்போது ஒரே ஒரு கோர் மட்டும் சிவந்து நிற்பது தெரியும். நேர்மாறாக, பல திரெட் உள்ள நிரலில் சிஸ் ரியலைவிட அதிகமாக வரலாம். அதில் தவறு இல்லை. எல்லாத் திரெட்டின் நேரமும் கூட்டப்படுகிறது.

எந்த பிராசஸ் என்று தெரியாவிட்டால் பிட்ஸ்டாட் மைனஸ் யு 1. சிஸ்ஸ்டாட் பேக்கேஜில் வரும். யூசரும் சிஸ்டமும் தனித்தனி நெடுவரிசையில், நொடிக்கு நொடி வரும். சிபியு எரிகிறது, ஆனால் பட்டியலில் எந்தப் பிராசஸும் பெரிதாகத் தெரியவில்லை என்றால், குட்டிக் குட்டி பிராசஸ்கள் பிறந்து சாகின்றன என்று சந்தேகப்படுங்கள். பிட்ஸ்டாட் ஒரு நொடிக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கிறது. அரை நொடியில் பிறந்து செத்தது அதன் கண்ணில் படாமல் போகலாம். அங்கே பிசிசி தொகுப்பில் உள்ள எக்ஸெக்ஸ்னூப் கைகொடுக்கும். தொடங்கும் ஒவ்வொரு நிரலையும் ஒரு வரியாகக் கொட்டும். ஷெல் ஸ்கிரிப்டில் லூப்புக்குள் வரிக்கு வரி கட், செட், ஆக் என்று அழைத்திருந்தால், திரை அருவி மாதிரி ஓடும். பிராசஸ் தொடங்குவதும் முடிப்பதும் முழுக்க முழுக்க கெர்னல் வேலை.

எண்ணிப் பார்ப்பது

இனி எஸ்ட்ரேஸ். மைனஸ் சி கொடுத்தால் ஒவ்வொரு சிஸ்டம் காலையும் அச்சிடாமல், எண்ணி மட்டும் வைத்து, முடிவில் ஒரு அட்டவணை தரும். மைனஸ் எஃப் கொடுத்தால் பிள்ளை பிராசஸ்களையும் பின்தொடரும். அந்த எஃப்பை மறக்கவே கூடாது. தம்பி முதலில் அது இல்லாமல் ஓட்டினான். அட்டவணையில் சில ஆயிரம் ரீட், காத்திருக்கும் வெயிட்4, அவ்வளவுதான். சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. டைம் கட்டளை பிள்ளைகளின் நேரத்தையும் கூட்டித்தான் சொல்கிறது. எஃப் இல்லாத எஸ்ட்ரேஸ் தாயை மட்டும் பார்க்கிறது. இரண்டு கணக்கும் பொருந்தாமல் போனது அதனால்தான்.

எஸ்ட்ரேஸ் ஒவ்வொரு சிஸ்டம் காலின் தொடக்கத்திலும் முடிவிலும் பிராசஸை நிறுத்தி வைத்துப் பார்க்கிறது. நிரல் பல மடங்கு மெதுவாகும். எனவே 4,000 பில்லையும் அதன் கீழ் ஓட்டாதீர்கள். ஒரே ஒரு பில் போதும். வாடிக்கையாளர் காத்திருக்கும் டேட்டாபேஸ் மேல் ஒட்டவே ஒட்டாதீர்கள். அங்கே பெர்ஃப் என்ற லினக்ஸ் அளவீட்டுக் கருவியில் பெர்ஃப் ட்ரேஸ் மைனஸ் எஸ் இதே எண்ணிக்கையை மிகக் குறைந்த சுமையில் தரும். அட்டவணையில் நொடிக் கணக்கை அதிகம் நம்ப வேண்டாம். கால்ஸ், எரர்ஸ் என்ற இரண்டு நெடுவரிசைகளைப் பாருங்கள்.

எஃப் சேர்த்து ஒரு பில்லுக்கு ஓட்டினோம். க்ளோஸ் என்ற சிஸ்டம் கால் 10 லட்சத்துக்கு மேல். எரர்ஸ் நெடுவரிசையிலும் ஏறக்குறைய அதே எண்.

ஒரு பில்லுக்குப் பத்து லட்சம் தடவை ஃபைலை மூடுவானேன்? அதுவும் திறக்காத ஃபைலை? மைனஸ் சி எடுத்துவிட்டுச் சில நொடி ஓட்டினால் விஷயம் தெரிந்தது: க்ளோஸ் 3, க்ளோஸ் 4, க்ளோஸ் 5 என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஈபேட்எஃப் என்ற பதில். அப்படி ஒரு ஃபைலே திறந்திருக்கவில்லை என்பது அதன் பொருள்.

இதன் காரணம் பழைய காலத்து யூனிக்ஸ் பழக்கம். ஒரு பிராசஸ் இன்னொன்றைத் தொடங்கும்போது, தான் திறந்து வைத்த ஃபைல்களெல்லாம் பிள்ளைக்கும் போய்ச் சேரும். அது வேண்டாம் என்றால் பிள்ளை எல்லாவற்றையும் மூட வேண்டும். எது திறந்திருக்கிறது என்று கேட்க அன்று எளிய வழி இல்லை. ஆகவே 3 முதல் அனுமதிக்கப்பட்ட உச்ச எண் வரை ஒன்றுவிடாமல் மூடிவிடுவார்கள். எங்கள் ஜாப் பைத்தான் 2ல் எழுதியது. சப்பிராசஸை அழைக்கும் இடத்தில் க்ளோஸ் எஃப்டிஎஸ் என்பதை ட்ரூ என்று வைத்திருந்தார்கள். பைத்தான் 2 செய்வது அந்த லூப்தான்.

பழைய சர்வரில் உச்ச எண் 1,024. ஆயிரம் க்ளோஸ் யார் கண்ணிலும் படாது. கன்டெய்னருக்குள் யுலிமிட் மைனஸ் என் என்று கேட்டால் 1048576 என்று வந்தது. கன்டெய்னர்களைப் பின்னணியில் நடத்தும் டீமன் என்ற நிரலுக்குக் கொடுத்திருந்த லிமிட் அப்படியே உள்ளே வந்திருக்கிறது. தோற்றுப்போகும் க்ளோஸ் ஒன்றுக்குச் சுமார் 0.1 மைக்ரோ நொடி என்று வைத்தால், பில்லுக்கு 0.1 நொடி. 4,000 பில்லுக்கு 400 நொடி. லாகில் கூடியிருந்த சிஸ் 402 நொடி. இப்படிக் கணக்கும் அளவும் ஒத்துப்போனால்தான் காரணம் கிடைத்தது என்று நான் ஏற்றுக்கொள்வேன். ஏதோ தப்பு கண்ணில் பட்டது என்பதற்காக நிறுத்திவிடக் கூடாது. அந்தத் தப்பு காணாமல்போன நொடிகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

லிமிட்டை முடிவிலி என்று வைத்த சில மெஷின்களில் இதே எண் 1073741816 என்று வரும். 107 கோடி! அங்கே ஒரு பிள்ளை பிராசஸ் தொடங்கவே ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நிரல் தொங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உங்களிடம் கன்டெய்னருக்குள் போனதும் மெதுவான பழைய நிரல் ஏதாவது இருந்தால், வேறு எதையும் பார்க்கும் முன் யுலிமிட்டைப் பாருங்கள்.

தீர்வு: கன்டெய்னரைத் தொடங்கும்போது சாஃப்ட் லிமிட்டை (இப்போது அமலில் இருக்கும் வரம்பு) 1,024 என்று கொடுத்தோம், ஹார்டு லிமிட்டை (அதை உயர்த்தக்கூடிய உச்சம்) தொடவில்லை. பைத்தான் 3, பிராசஸ் விவரங்களைக் கெர்னல் ஃபைல்களாகக் காட்டும் ப்ராக் ஃபைல் சிஸ்டத்தில் எது திறந்திருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் மூடுகிறது, எனவே நிரலை அதற்கு மாற்றுவதுதான் நிரந்தர வழி. சி நிரல் எழுதுபவர்களுக்கு 2020ல் வந்த லினக்ஸ் 5.9லிருந்து க்ளோஸ் ரேஞ்ச் என்ற சிஸ்டம் கால் இருக்கிறது. ஒரே நடையில் எல்லாவற்றையும் மூடிவிடும்.

அட்டவணையில் வேறு என்ன தெரியலாம்

ரீட் அல்லது ரைட் எண்ணிக்கை பெரிதாக, ஒவ்வொன்றும் சில பைட் மட்டும்: பஃபர் (டேட்டாவைச் சேர்த்து வைத்து மொத்தமாக நகர்த்தும் இடம்) இல்லை. 100 எம்பி ஃபைலை ஒவ்வொரு பைட்டாகப் படித்தால் 10 கோடிக்கு மேல் ரீட். 64 கேபி பஃபர் வைத்தால் 1,600. சி ப்ளஸ் ப்ளஸில் ஃபைலுக்கு எழுதும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டெல் போடுபவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் செய்கிறார்கள். சாதாரண நியூலைன் போட்டாலே போதும்.

ஈஅகெய்ன் (இப்போது இல்லை, பிறகு கேள் என்ற பதில்) பிழைகள் லட்சக்கணக்கில்: காத்திருக்க வேண்டிய இடத்தில் நிரல் "வந்ததா, வந்ததா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. டேட்டா வரும்வரை காத்திருக்க உதவும் போல், ஈபோல் ஆகியவற்றுக்கு டைம்அவுட் 0 கொடுத்திருந்தாலும் இதே கதை. ஷெட் ஈல்ட் (சிபியுவை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கும் சிஸ்டம் கால்) வரிசையாக வந்தால், ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டை (லாக்) யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள்.

ஈடிசி லோக்கல்டைம் ஃபைல் மேல் ஸ்டாட் (ஃபைலின் விவரம் கேட்கும் சிஸ்டம் கால்) திரும்பத் திரும்ப: டிஇசட் என்ற சூழல் மாறி அமைக்கப்படவில்லை. அது இல்லாவிட்டால் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) ஒவ்வொரு லோக்கல்டைம் அழைப்பிலும் நேர மண்டல ஃபைல் மாறியதா என்று போய்ப் பார்க்கும். லாகில் வரிக்கு வரி நேரம் எழுதும் நிரலில் இது சேர்ந்துகொண்டே போகும். டிஇசட்டை ஏசியா ஸ்லாஷ் கொல்கத்தா என்று வைத்தாலே நின்றுவிடும்.

கிளாக் கெட்டைம் அட்டவணையில் தெரிவதே ஒரு தடயம். வழக்கமான இன்டெல், ஏஎம்டி மெஷினில் நேரம் கேட்பது கெர்னலுக்குள் போகாமலே விடிஎஸ்ஓ (கெர்னல் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் வைத்துத் தரும் சிறு நூலகம்) வழியாக முடிந்துவிடும். எஸ்ட்ரேஸ் அதைப் பார்க்கவே பார்க்காது. பார்த்தால், கிளாக் சோர்ஸ் (கெர்னல் நேரம் பார்க்கும் கடிகாரம்) சிபியுவுக்குள்ளேயே இருக்கும் டிஎஸ்சியிலிருந்து எச்பிஈடி போன்ற மெதுவான ஒன்றுக்கு விழுந்திருக்கலாம். ஸ்லாஷ் சிஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் (இது சிஸ் டைம் அல்ல) கரன்ட் கிளாக்சோர்ஸ் என்ற ஃபைலைப் படித்தால் தெரியும்.

எதுவுமே மாறாமல், கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு மட்டும் சிஸ் ஏறியதா? 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் ஓட்டை வெளிவந்த பிறகு, பாதிக்கப்பட்ட சிபியுக்களில் கெர்னலுக்குள் போகும்போதும் வரும்போதும் பேஜ் டேபிளை (நினைவக முகவரிகளின் வரைபடம்) மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு நடையின் கட்டணமும் கூடியது. பாதுகாப்பை அணைக்கச் சொல்ல மாட்டேன். நடையைக் குறையுங்கள்.

சிஸ்டம் கால் குறைவு, சிஸ் மட்டும் அதிகம்

இதுதான் பலரைக் குழப்பும். எஸ்ட்ரேஸில் ஒன்றும் இல்லை, ஆனால் சிஸ் ஏறுகிறது. அப்போது நினைவகத்தைப் பாருங்கள். நினைவகத்தை முதன்முதலாகத் தொடும்போது பேஜ் ஃபால்ட் நடக்கும்; கெர்னல் ஒரு 4,096 பைட் பேஜை எடுத்து, பூஜ்யத்தால் துடைத்துக் கொடுக்கும். நிரல் எதையும் கேட்கவில்லை, எனவே எஸ்ட்ரேஸுக்குத் தெரியாது. நேரம் மட்டும் சிஸ் கணக்கில் ஏறும்.

ஷெல்லின் உள்ளே இருக்கும் டைம் இதைச் சொல்லாது. யுஎஸ்ஆர் பின்னில் இருக்கும் தனி டைம் நிரலை மைனஸ் வி கொடுத்து ஓட்டுங்கள். மைனர் பேஜ் ஃபால்ட் எண்ணிக்கை வரும். படங்களைச் சுருக்கும் நிரல் ஒன்று எங்களிடம் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் 64 எம்பி நினைவகம் கேட்டு ஒரு மாலக், முடிந்ததும் திருப்பிக் கொடுக்க ஃப்ரீ. இவ்வளவு பெரிய துண்டை ஜிலிப்சி தன்னிடம் வைத்துக்கொள்ளாது. எம்மேப்பில் வாங்கி மன்மேப்பில் திருப்பிக் கொடுத்துவிடும். படத்துக்கு இரண்டே சிஸ்டம் கால், ஆனால் 16,384 பேஜ் ஃபால்ட், 64 எம்பி துடைப்பு. பஃபரை ஒரே தடவை வாங்கி எல்லாப் படத்துக்கும் பயன்படுத்தும்படி மாற்றியதும் சிஸ் பாதாளத்துக்கு இறங்கியது. நிரலில் மாற்றியது நான்கு வரி.

இதற்கு மேல் போக வேண்டுமென்றால் பெர்ஃப் டாப். கெர்னல் செயல்கூறுகளுக்குப் பக்கத்தில் கே என்று அடையாளம் இருக்கும். பெயரிலேயே பாதி விடை கிடைக்கும். க்ளியர் பேஜ் என்று தொடங்கினால் மேலே சொன்ன துடைப்பு. காம்பாக்ட் ஸோன் போன்றவை வந்தால், பெரிய பேஜ் செய்வதற்காகக் கெர்னல் நினைவகத்தை நகர்த்தி அடுக்கிக்கொண்டிருக்கிறது. டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் அமைப்பை மேட்வைஸ் (கேட்கும் நிரலுக்கு மட்டும்) என்று மாற்றிப் பாருங்கள். இது எல்லோருக்கும் கெடுதல் என்று சொல்ல முடியாது. ஆனால் ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் தொடங்கும்போதே இதைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்கு டேட்டாபேஸ்காரர்கள் அடிபட்டிருக்கிறார்கள்.

ஸ்பின் லாக் ஸ்லோபாத் என்று முடியும் பெயர் மேலே நின்றால், கோர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கெர்னலின் பூட்டு (லாக்) ஒன்றுக்காகச் சுற்றுகின்றன. எந்த லாக் என்று தெரிய பெர்ஃப் ரெக்கார்ட் மைனஸ் ஏ மைனஸ் ஜி, பத்து நொடி போதும். பிறகு பெர்ஃப் ரிப்போர்ட்டில் அழைத்த வழியைப் பாருங்கள். ஒரே பிராசஸில் பல திரெட் எம்மேப், மன்மேப் செய்துகொண்டிருந்தால் எல்லாம் எம்மேப் லாக் என்ற ஒரே வாசலில் வந்து நெருக்கும். 2023ல் வந்த 6.4 கெர்னலிலிருந்து பேஜ் ஃபால்ட்டுக்கு மட்டும் இந்த நெருக்கடி குறைந்திருக்கிறது. திரெட்டைக் கூட்டக் கூட்ட வேலை மெதுவாகிறது, சிஸ் ஏறுகிறது என்றால், திரெட்டைப் பாதியாக்கி ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது எந்தக் கருவியையும்விட விரைவான சோதனை.

லினக்ஸ் இல்லாதவர்களுக்கு: ஃப்ரீபிஎஸ்டியிலும் சோலாரிஸிலும் ட்ரஸ் மைனஸ் சி இதே அட்டவணையைத் தரும். சோலாரிஸில் பிஆர்ஸ்டாட் மைனஸ் எம் திரெட்டின் நேரத்தை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும். ஓடும் கெர்னலின் உள்ளே பார்க்க உதவும் டிட்ரேஸ் 2005ல் சோலாரிஸ் 10உடன் வந்தது, இன்றும் ஃப்ரீபிஎஸ்டியில் இருக்கிறது. மேக்கில் டிட்ரஸ் உண்டு, ஆனால் கணினியின் பாதுகாப்புப் பூட்டு பல இடங்களில் தடுக்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சர்வீஸை முதலில் ரீஸ்டார்ட் செய்துவிட்டு அப்புறம் எனக்குப் போன் செய்யாதீர்கள். ஐந்து நிமிடம் மெதுவாக ஓடட்டும். பிட்ஸ்டாட் பத்து வரி, பெர்ஃப் ரெக்கார்ட் பத்து நொடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய பிறகு அதே டேட்டாவில், அதே டைம் கட்டளையில், திரும்ப ஓட்டுங்கள். எங்கள் பில் ஜாப் அடுத்த இரவு ஓடி முடிந்ததும் தம்பி லாகின் மூன்று வரியை அனுப்பினான்: ரியல் 5 நிமிடம் 14 நொடி, யூசர் 4 நிமிடம் 4 நொடி, சிஸ் 23 நொடி. கன்டெய்னர் தொடங்கும் ஸ்கிரிப்டின் முதல் வரியில் யுலிமிட் மைனஸ் என் விடையை லாகில் எழுதும்படி அவனே சேர்த்தும் வைத்திருந்தான்.